கயிற்றில் இரண்டாவது ஆள்

ஜூன் 9, திங்கள்

கௌசி இந்த நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். "பகலெல்லாம் சுவத்தோட பேசாதம்மா, இதுல எழுது" என்கிறாள். நான் சுவரோடு பேசவில்லை. குக்கரோடு பேசினேன். விசில் வரவில்லை, திட்டினேன். அவ்வளவுதான்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும்.

என் பெயர் பேச்சியம்மாள். சின்னமனூருக்குப் பக்கத்து ஊர். இப்போது இருப்பது நார்வே. மகள் இங்கே படிக்க வந்தாள். படித்து முடித்ததும் ஊருக்கு வராமல், மலைக்குக் கீழே இந்தச் சின்ன ஊரில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டாள். மலையிலிருந்து பனியாறு என்று ஒன்று இறங்கி வருகிறது. ஆறு முழுக்கப் பனிக்கட்டி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கயிற்றில் கட்டி அதன் மேல் நடத்திக் கூட்டிப் போய், பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். இதுதான் வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கௌசியின் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு மாதம் முடிந்துவிட்டது. எனக்குத் திரும்ப டிக்கெட் ஜூலை எட்டாம் தேதிக்கு. போகும்போது கௌசியையும் மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த நினைப்பில்தான் விமானம் ஏறினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன். அவள் ரசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கா? எத்தன நாளைக்கு?"

"நாள் என்ன நாள். மொத்தமாத்தான்."

"அங்க வந்து என்ன செய்ய?"

"படிச்ச பிள்ளைக்கு வேலைக்கா பஞ்சம்? தேனியில எத்தன காலேஜ் இருக்கு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீட்ல ஒரு சாவு விழுந்தா ஒரு வருஷம் மலை ஏறக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? பழனிக்கே போகாம இருக்கோம். நீ தெனம் ஏறி இறங்குற."

"அது மலை இல்லம்மா. ஆறு. உறைஞ்ச ஆறு. ஆத்துல நடக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லிருக்காங்களா?"

இந்த வாய் அவருடைய வாய். நான் போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன்.

ஜூன் 12, வியாழன்

சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் பனியாறு தெரிகிறது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். முன்பக்கமெல்லாம் ஒரே அழுக்கு. மண்ணும் கல்லும் அப்பிக் கிடக்கிறது. கீழே ஓடிவரும் தண்ணீர் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் இருக்கிறது. மேலே போகப் போகத்தான் வெள்ளை. அங்கேதான் இவள் போகிறாள்.

ஊரில் அடுத்த வீட்டுச் சொர்ணத்துக்குப் போன் போட்டேன். அவர் போனதிலிருந்து ராத்திரியில் நான் அவள் வீட்டில்தான் படுக்கிறேன், அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. என் வீட்டு வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறாளா என்று கேட்டேன்.

"போடுறேன் மதினி, போடுறேன். ஒங்க எடத்துல இப்ப என் மருமக பாய விரிச்சு நல்லாத் தூங்குறா. ஏழு பேரு கெடக்குற கூடத்துல ஒரு ஆள் கொறஞ்சா எம்புட்டு எடம்!"

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 14, சனி

மனது கேட்கவில்லை. எங்கள் ஊர் மாயாண்டிப் பூசாரிக்கே போன் போட்டுவிட்டேன். விவரத்தைச் சொல்லி, ஒரு வருஷத்துக்குள் பிள்ளை இப்படி ஏறலாமா என்று கேட்டேன்.

"அங்க கோயில் இருக்கா தாயி?"

"இல்ல."

"உச்சியில ஒரு கல்லு, வேலு, சூலம்?"

"எல்லாம் பனிதான் சாமி."

"சாமியே இல்லாத மலையில தீட்டுப் பாக்க ஆரு இருக்கா? போகட்டும் விடு." பிறகு கேட்டார்: "வழுக்குமில்ல?"

"வழுக்கும்."

"அத மட்டும் பாத்துக்கிறச் சொல்லு."

இதை நான் கௌசியிடம் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அவள் குளியலறையில் சிரித்தது கேட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கௌசிக்கு இன்று லீவு. ஏரி ஓரமாக நடந்தோம். செம்மறி ஆடுகள் கழுத்து மணியோடு தாமாகவே மேய்கின்றன. மேய்க்க ஆள் இல்லை. யார் வீட்டு ஆடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். காதில் வில்லை மாட்டியிருக்கிறார்களாம்.

அப்போது சொன்னாள். "அம்மா, நீ ஒரே ஒரு தடவ என் கூடப் பனி மேல வா. நான் என்ன செய்யுறேன்னு பாரு. பாத்துட்டும் நீ 'வா ஊருக்கு'ன்னு சொன்னா, வேலைய எழுதிக் குடுத்துட்டு உன் கூடவே பிளேன் ஏறிடுறேன். சத்தியமா."

"அப்பா மேல சத்தியமா?"

"அப்பா மேல."

சம்மதித்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து "வா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூன் 20, வெள்ளி

இன்று பச்சைக் கூட்டத்தோடு போனேன்.

கௌசி வேலை செய்கிற குடிலில் மூன்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பச்சை என்றால் ஆறு வயதுப் பிள்ளைகளும் போகலாம், பனியின் ஓரத்தில் கொஞ்ச தூரம். நீலம் நடந்து பழகினவர்களுக்கு, அரைநாள். சிவப்பு கோடாலியைக் கொத்திக் கொத்தி ஏறுகிறவர்களுக்கு. நேராக நீலத்துக்கு விட மாட்டார்கள், முதலில் பச்சையில் நடந்து காட்ட வேண்டும் என்றாள் கௌசி. அவளுக்கு மேலே ஐவார் என்று ஒரு தாடிக்காரர். பனியில் முன்பின் பழக்கம் உண்டா என்று என்னைக் கேட்டாராம்.

"சர்பத்துல பாத்திருக்கேன்னு சொல்லு."

அவள் அப்படியே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. தாடி குலுங்கச் சிரித்தார்.

புடவையோடு விட மாட்டேன் என்றுவிட்டார்கள். பூட்ஸ் முள்ளில் மாட்டுமாம். கௌசியின் பேண்டைப் போட்டுக்கொண்டேன். குடிலில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் கட்டுகிறார்கள். இடுப்பில் பட்டை. பட்டையில் கயிறு. எனக்கு முன்னால் நாலு பிள்ளைகள், பின்னால் மூன்று பிள்ளைகள், கடைசியில் அவர்களின் டீச்சர். காலை அகட்டி, அடி முழுவதும் பதியும்படி அழுத்தி வைக்க வேண்டும். நாற்று நடும்போது சேற்றில் காலை வைக்கிற மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் கயிற்றை மிதித்துவிட்டேன். பின்னால் இருந்த ஏழு வயதுச் சிட்டு என் முதுகில் தட்டி, விரலை ஆட்டி ஏதோ திட்டியது. முள் பட்டால் கயிறு அறுந்துபோகுமாம். வந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விழவில்லை. டீச்சர் விழுந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து மழை. நாலு மணிக்கு வருகிறவள் வரவில்லை. ஆறு ஆயிற்று. சோறு ஆறி, குழம்பில் எண்ணெய் உறைந்துவிட்டது.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. பால் வாங்கலாம் என்றுதான் தெருவில் போய் நின்றேன். பால் வீட்டில் இருந்தது.

ஏழரைக்கு வந்தாள், முழங்கால் வரை சேறு. யாரோ ஒருத்தருக்குக் கணுக்கால் பிசகி, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்களாம். "வேகமா நடக்கிற அஞ்சு பேரும் முணுமுணுக்காம அவர் வேகத்துக்கே நடந்தாங்கம்மா" என்றாள். போன் போட வேண்டியதுதானே என்றேன். அந்த வளைவில் சிக்னல் இல்லையாம்.

தட்டை வைத்தேன். தின்றாள். ஜூலை எட்டு சீக்கிரம் வந்தால் நல்லது.

ஜூன் 28, சனி

முழங்கால் வலி. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நீலத்துக்கு என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஜூலை 1, செவ்வாய்

நீலம் போய் வந்தேன். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கௌசி முதல் ஆள். பழக்கம் இல்லாதவர்களை வழிகாட்டிக்குப் பக்கத்தில் போடுவார்களாம், அதனால் நான் இரண்டாவது. எனக்குப் பின்னால் ஹாலந்துக்காரம்மா ஒருத்தி, நர்ஸ் வேலை பார்த்து ஓய்ந்தவள், என் வயசுதான் இருக்கும். அப்புறம் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஜோடி. அப்புறம் அப்பாவும் மகனும் மாதிரி இரண்டு பேர். அந்த இருவரில் கடைசியில் இருந்தவர் எங்கெங்கோ மலை ஏறினவர். எங்களில் யார் விழுந்தாலும் பின்னாலிருந்து பிடிக்க அவர். ஆக, கௌசிக்குப் பின்னால் ஆறு பேர்.

கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்து அவள் பேசினாள். கையை ஆட்டி, இங்கிலீஷில், சிரிக்கச் சிரிக்க. எனக்குத் தமிழில் தனியாகச் சொன்னாள். "கயிறு தொய்யக் கூடாது, விறைப்பாவும் இழுக்கக் கூடாது. நான் நின்னா நீ நில்லு. யாராச்சும் விழுந்தா கேள்வி கேக்காத, அப்படியே பின்னால சாஞ்சு உக்காந்து குதிகால ஊனு. அவ்வளவுதான்."

முதல் ஒரு மணி நேரம் வெறும் கட்டி. வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன். சொட்டு நீலம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி அப்படி ஒரு நீலம், அடி தெரியவில்லை. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். அது வரைக்கும் பாதகமில்லை.

மேலே போனதும் கட்டியின் மேல் பூம்பனி மூடிக் கிடக்கிறது. வெடிப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கௌசி ஒரு நீளக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து அடி வைக்கிறாள். இருப்பது ஒரே ஒரு பிள்ளை. எட்டி அவள் முதுகுப் பையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வேகமாகப் போனேன்.

அவள் நின்று திரும்பினாள். "அம்மா, கயிறு தொய்யுது. பின்னால போ."

போனேன். அவள் குத்தினாள். நான் மறுபடி கிட்டே போனேன்.

"அம்மா!"

மூன்றாம் தடவை போனபோது பின்னாலிருந்து ஹாலந்துக்காரம்மா ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்றா அவ?"

"நீ ஓடுறதால அவங்களையும் கயிறு இழுக்குதாம். அவங்க பனியாறு பாக்க வந்தாங்களாம், ஓட்டப் பந்தயத்துக்கு இல்லயாம்."

"அவளுக்கென்ன, அவ பிள்ளையா முன்னால நிக்குது?"

இதைக் கௌசி மொழிபெயர்க்கவில்லை. என் கிட்டே வந்து மெல்லிய குரலில் சொன்னாள். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "நான் உள்ள போனா, கிட்டக்க நிக்கிற நீயும் சேந்து உள்ள வருவ. தள்ளி நின்னாத்தான் உன்னால என்னயப் பிடிக்க முடியும். இன்னொரு தடவ கிட்ட வந்தா எல்லாரையும் கூட்டிட்டுக் கீழ எறங்கிடுவேன்."

பெற்றவளை இத்தனை பேர் முன்னால்! முகம் சுருங்கிப்போய்ப் பின்னால் நகர்ந்து நின்றேன். கயிறு சரியாக இருந்தது. சரி, இனி எனக்கென்ன என்று அப்படியே நடந்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். "பொசுக்" என்று ஒரு சத்தம். கௌசியின் ஒரு கால் தொடை வரை உள்ளே போய்விட்டது.

நான் யோசிக்கவே இல்லை. எப்போது உட்கார்ந்தேன் என்றும் தெரியாது. உட்கார்ந்திருந்தேன். குதிகால் ஊன்றியிருந்தது. கயிறு என் இடுப்பை வெடுக்கென்று பிடித்தது. திரும்பிப் பார்த்தால் ஹாலந்துக்காரம்மா உட்கார்ந்திருக்கிறாள். புது ஜோடி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் எல்லோரும் வரிசையாகப் பனியில் பொத்தென்று உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைச் சாய்ந்து பிடித்திருக்கிறார்கள். காலையில்தான் அவளை முதல் தடவையாகப் பார்த்தவர்கள். பெயர்கூடச் சரியாக வாயில் வராது, காவுசி என்கிறார்கள். என் மகளுக்காக அத்தனை பேரும்.

அவள் கோடாலியைக் குத்தி, காலை உருவிக்கொண்டு எழுந்தாள். எங்களைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

போடிமெட்டு மலை வளைவில் ஒரு தடவை அவர் ஓட்டின ஜீப்பின் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. அவர் இதே மாதிரிதான் திரும்பி, இதே மாதிரி சிரித்து, இதே சொல்லைச் சொன்னார்.

இது அடிக்கடி நடக்குமாம். பெரிய விஷயமே இல்லையாம். அவளை ஏன் முன்னால் விடுகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

ஹாலந்துக்காரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதற்கென்று தெரியாமல் நானும் குலுக்கினேன்.

ஒரு பாறை மேட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் கௌசியும் கொஞ்சம் தள்ளி. எலுமிச்சைச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவள் தின்றுகொண்டிருந்தாள். நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டேன். பேச வேண்டும் என்று நினைக்கவில்லை.

"அன்னிக்குக் காலையில காப்பி வச்சுக் குடுத்துட்டு உள்ள வந்தேன். அவரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. இந்த மாசம் ரேஷன்ல பாமாயில் போடலன்னு சொல்லிக்கிட்டே வெங்காயம் உரிச்சேன். பதில் இல்ல. பேப்பர் படிக்கிறாருன்னு நெனச்சேன். எம்புட்டு நேரம் பேசினேன்னு தெரியல கௌசி. அப்பறம் டம்ளர எடுக்க வந்தேன். காப்பியில ஆடை படிஞ்சிருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் அவர் மொகத்தப் பாத்தேன்."

அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. தூக்கத்தில் போனார் என்றுதான் எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தோம்.

"அந்த வீட்லயா தனியாப் படுக்குற?"

"இல்ல. சொர்ணத்துக்குத் துணைக்குப் படுக்குறேன்."

"சொர்ணம் அத்த வீட்ல ஏழு பேரு இருக்காங்களேம்மா."

"ஆமா."

"ஏழு பேருக்குத் துணையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரிப்புக்கு நடுவில் எங்கேயோ அழுகையாகிவிட்டது. ஆறு மாதமாக வராத அழுகை. மூக்கெல்லாம் ஒழுகி, அந்தக் குளிரில் அது வேறு உறைந்துபோனது. புது ஜோடி எங்களைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிப் படம் எடுத்தது. நல்ல பிள்ளைகள்.

"இருபத்தாறு வருஷம் அந்த மலையில ஜீப்ப ஏத்தி எறக்குனாரு. ஒரு கீறல் இல்ல. வீட்ல, நாற்காலியில உக்காந்து போயிட்டாரு" என்றேன்.

"ஆமாம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்பச் சொல்லு. நான் ஊருக்கு வரணுமா?"

"மொதல்ல என்னயக் கீழ எறக்கி விடு. பனி மேல நிக்க வச்சுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

ஜூலை 2, புதன்

காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போகவில்லை. கேட்கவும் இல்லை. செருப்பு வைக்கிற பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னப் பிள்ளையில் பரீட்சை மார்க் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் நிற்பாள்.

"மணி ஆகலையா? ஆளுக வந்து காத்திருப்பாங்க."

"அம்மா..."

"போடி. வேலைய எழுதிக் குடுக்க வேணாம். நான் தனியாப் போய்க்குவேன்."

"நெசமாவா? அப்பறம் போன்ல அழக் கூடாது."

"அழுவேன். அதுக்கென்ன இப்ப?"

வந்து கட்டிப் பிடித்தாள். இடுப்புப் பட்டையின் இரும்பு வளையம் என் வயிற்றில் குத்தியது. "பாத்துப் போ" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் பார்த்துத்தான் போகிறாள்.

நான் ஜன்னலுக்குப் போகவில்லை. படுத்தேன். அவள் திரும்பி வந்து எழுப்பும் வரைக்கும் தூங்கியிருக்கிறேன். சோறுகூட வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள். குழைந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

பெட்டி கட்டியாயிற்று. சீசன் முடிந்ததும் வருஷத் திதிக்கு வந்து ஒரு மாதம் இருப்பாள். தினமும் பனியிலிருந்து இறங்கியதும் போன். ஏறும் முன்னால் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஏறும் முன் அவள் ஆட்களைப் பார்க்கட்டும்.

ஐவார் வந்து கை கொடுத்தார். அடுத்த தடவை சிவப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டாராம். தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன், மரியாதைக்கு விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்று பொழுது சாய ஊர் வந்து சேர்ந்தேன். சொர்ணம் பாய் போட்டுவிட்டாள். "இல்ல, வீட்லயே படுக்குறேன்" என்றேன். "தனியாவா மதினி?" என்றாள். "தனியாத்தான்."

நாற்காலியைத் துடைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் முழித்துக் கிடந்தேன். பயமாகத்தான் இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

பால்காரர் கதவைத் தட்டின சத்தத்தில்தான் எழுந்தேன். முற்றத்தில் நல்ல வெயில்.

"ஆள் வந்தாச்சா! எம்புட்டுக்கா ஊத்த?"

"கால் லிட்டர் ஊத்துப்பா. ஒரு ஆளுக்குத்தான்."